சின்ன மேசைக்கு 60 சதவீத கீபோர்டு போதுமா? தமிழ் அடிப்பவர்கள் மட்டும் சொல்லவும்

கேள்வி, 6 ஜனவரி 2024

வாடகை வீடு, ஒரே அறை. மேசை 75 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம், சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. கம்ப்யூட்டரோடு வந்த முழுநீள கீபோர்டை வைத்தால் மவுஸுக்கு இடமில்லை, தொடை மேல் வைத்துத் தேய்க்கிறேன். மெக்கானிக்கல், அதாவது விசைக்கு விசை தனிச் சுவிட்ச் உள்ளது, ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். 60 சதவீதம் போதும் என்கிறார்கள் நண்பர்கள். அவர்கள் எல்லாம் கேம் ஆடுகிறவர்கள். நான் நாள் முழுக்கத் தமிழ் அடிப்பவன், தமிழ்99 விசை அமைப்பில். யாராவது அனுபவத்தில் சொல்லுங்கள்.

பதில், 6 ஜனவரி 2024, இரவு 10.15

போதும். யோசிக்காமல் வாங்குங்கள். என் மேசையும் அதே அளவுதான். வாங்கி நாலு நாள் ஆகிறது, 61 விசை. பழையதில் பாதி இடம்தான் பிடிக்கிறது. மவுஸ் மேசைக்குத் திரும்பிவிட்டது. எண்பகுதி, அம்புகள், மேல்வரிசை எஃப் விசைகள் எதுவும் கிடையாது, ஒன்றும் குறையாகத் தெரியவில்லை.

7 ஜனவரி 2024, காலை 7.30

நேற்று எழுதியதில் முதல் திருத்தம். பாதி இடம் என்றேன். காலையில் டேப் வைத்து அளந்தேன். பழையது 44 செ.மீ., புதியது 29.5. பாதி இல்லை, மூன்றில் இரண்டு பங்கு. 60 சதவீதம் என்பது நீளக் கணக்கே இல்லை, விசைகளின் கணக்கு. 104 விசை முழு அளவு, 61 விசை இது. வகுத்துப் பாருங்கள், 58.7 வரும். பேரில் இருக்கும் சதவீதத்தை வைத்து மேசையை அளந்தால் தச்சர் சிரிப்பார்.

7 ஜனவரி 2024, மதியம்

டேப் கையில் இருக்கும்போதே இன்னும் கொஞ்சம். கீபோர்டின் மொத்த நீளம் நமக்கு முக்கியமில்லை. வலப்பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் விஷயம். உட்காருகிறவர் மேசை நடுவில் உட்காருவார், ஜி விசைக்கும் எச் விசைக்கும் நடுவே மூக்கு நேராக இருக்க வேண்டும். தமிழ்99 ஆட்களுக்கு எகரத்துக்கும் ககரத்துக்கும் நடுவே. ஒரு விசைக்கும் அடுத்ததற்கும் 19.05 மி.மீ., அதாவது முக்கால் அங்குலம், எல்லாச் சாதாரண கீபோர்டிலும் இதே. இதை வைத்து எண்ணினால் மூக்கிலிருந்து வலது ஓரம் வரை முழு கீபோர்டு 30.5 செ.மீ. போகிறது. எண்பகுதி மட்டும் இல்லாத 87 விசைக்காரன் 22.5. 60ஓடு அம்புகளும் சேர்ந்த 65 சதவீதம் 18. 60 சதவீதம் 16 சொச்சம்.

75 செ.மீ. மேசையில் பாதி 37.5. ஆக மவுஸுக்கு மிஞ்சுவது வரிசையாக 7, 15, 19.5, 21 சொச்சம். மவுஸே 6 செ.மீ. அகலம் இருக்கும், 7 செ.மீ.யில் அதை வைக்கலாம், நகர்த்த முடியாது. உங்கள் தொடை ஏன் தேய்கிறது என்பதற்கு விடை இதுதான்.

இதை எழுதும்போதே ஒன்று உறுத்துகிறது. 65க்கும் 60க்கும் வித்தியாசம் ஒரே ஒரு விசை அகலம், 2 செ.மீ.கூட இல்லை. சரி, வாங்கியாச்சு.

9 ஜனவரி 2024, இரவு 1.05

ஒரு துக்கச் செய்தி. என் கீபோர்டில் ழகரம் இறந்துவிட்டது.

புத்தகக் காட்சிக்கு அவசரமாக வர வேண்டிய ஒரு நூலுக்குப் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். ‘எழுத்து’ என்று அடிக்கிறேன், எகரம் வருகிறது, அப்புறம் கர்சர் மேல் வரிக்குத் தாவி அங்கே ‘உத்து’ என்று விழுகிறது. ‘தமிழ்’ என்று அடித்தால் ‘தமி’ மட்டும் இருக்கிறது, மேல் வரியில் யாரோ ஒரு பாவப்பட்ட வார்த்தையின் நடுவில் ஆய்த எழுத்து முளைக்கிறது. ஒரு பக்கம் முழுக்க இப்படி. சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சு என்று இரண்டு முறை ஏற்றி இறக்கினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். கடைசியில் ஆங்கிலத்துக்கு மாறி சாய்கோடு அடித்துப் பார்த்தேன், அதுவும் வரவில்லை.

12 மணிக்குப் பெட்டியில் வந்த துண்டுச் சீட்டை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஃபங்ஷன் விசையோடு இன்னொரு விசையைச் சேர்த்து அழுத்தினால் கீழ் வரிசை வலது மூலை விசைகள் அம்புகளாக மாறிவிடுமாம். சாய்கோட்டு விசைதான் மேல் அம்பு. எப்போதோ கை பட்டிருக்கிறது. தமிழ்99இல் சாய்கோட்டு விசைதான் ழ. இந்த கீபோர்டைச் செய்தவருக்கு சாய்கோடு இணைய முகவரியில் எப்போதாவது வரும் ஒரு குறி. நமக்கு அது மொழியின் பேரிலேயே இருக்கிற எழுத்து.

9 ஜனவரி 2024, காலை

தூங்கி எழுந்த பிறகு கொஞ்சம் நியாயமாக. கேள்வி கேட்டவர் ‘தமிழ் அடிப்பவன்’ என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். நான் அதைப் படிக்காமலே பதில் போட்டிருக்கிறேன். மன்னிக்கவும்.

தமிழ்99இல் உயிர் இடக்கை, மெய் பெரும்பாலும் வலக்கை. தமிழுக்கு ஆங்கில எழுத்துகளின் 26 விசை போதவில்லை, வலக்கைச் சுண்டுவிரல் பக்கம் குறிகள் இருக்கும் இடத்துக்கும் எழுத்துகள் வழிந்துவிட்டன. சதுர அடைப்புக்குறி இரண்டும் ச, ஞ. அரைப்புள்ளி ந. அதற்கு அடுத்த மேற்கோள் விசை ய. சாய்கோடு ழ. இந்த ஐந்தும் தனித்தனி விசையாக, எதையும் சேர்த்து அழுத்தாமல் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

61 விசைப் பலகைகளில் இந்த ஐந்தும் இருக்கும், என்னுடையது போல் முறை மாற்றும் வித்தை வைத்திருந்தால் ஒழிய. அதற்குக் கீழே போனால் ஆபத்து. 40 சதவீதம் என்று ஒன்று வருகிறது. பிளாங்க் என்ற பிரபலமான பலகையை எடுத்துக்கொள்ளுங்கள், வயல் வரப்பு போல நேர்நேராக நாலு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. பார்க்க அழகு. எண் வரிசையே கிடையாது. அதில் நயழ மூன்றும் தப்பிவிடும், ஆனால் சதுர அடைப்புக்குறிக்குத் தனி விசை இல்லை. சகரத்துக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு விசை. ‘சரி’ என்று சொல்லக்கூட யோசிக்க வேண்டும்.

அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிக்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. 26 எழுத்து இருந்தால் போதும், எந்த அளவும் வாங்கலாம். பொறாமையாக இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு நாங்கள் நாலே விசை தட்டுகிறோம், அ ம ம ஆ, புள்ளி தானாக விழும். அந்தத் திமிரை விட மாட்டோம்.

11 ஜனவரி 2024

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் பாமினி தட்டச்சு முறைக்கு எப்படி என்று கேட்டிருக்கிறார். அண்ணை, உங்களுக்கு வேறு இடத்தில் வலி. இடது மேல் மூலையில், எண் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு விசை இருக்குமே, பாமினியில் அதுதான் ஹ, ஷிஃப்டோடு ஷ. 60 சதவீதத்தில் அந்த இடத்தை எஸ்கேப் பிடித்துக்கொள்கிறது. உஷா என்று எழுத மூன்று விசையைச் சேர்த்து அழுத்த வேண்டிவரும். பல 65 சதவீதப் பலகைகளிலும் இதே கதிதான். 75 சதவீதத்தில் எஸ்கேப் தனி வரிசைக்குப் போய்விடுவதால் ஹகரம் தன் வீட்டில் இருக்கும். உஷா என்று உங்களுக்கு யாரும் வேண்டியவர் இல்லையென்றால் கவலை வேண்டாம்.

14 ஜனவரி 2024, போகி

பழைய கீபோர்டைத் தூக்கிப் போடலாமா என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன். நல்லவேளை.

18 ஜனவரி 2024

நல்லவேளை என்றது இதற்குத்தான். மனைவி இரண்டு கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறாள், டேலியில். மாதத்தில் பாதி நாள் மேசை அவளுக்கு. என் 61 விசையில் உட்கார்ந்தாள். டேலியில் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். இந்தப் பலகையில் ஃபங்ஷனோடு 5, ஃபங்ஷனோடு 6 என்று போக வேண்டும். எண்களோ மேல் வரிசையில் நீட்டி வைத்தாற்போல் கிடக்கின்றன. எண்பகுதியில் பார்க்காமல் அடித்துப் பழகிய கை அது. பத்து நிமிஷம் பொறுத்தாள். அப்புறம் எழுந்து போய்ப் பரணிலிருந்து பழையதை இறக்கி, என்னுடையதை அரிசி டப்பா மேல் வைத்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பரவாயில்லை.

18 ஜனவரி 2024, சற்றுக் கழித்து

மூன்று பேர் ஒரே யோசனை சொல்லியிருக்கிறீர்கள்: தனி எண்பலகை. 17 விசை, 8 செ.மீ. சொச்சம் அகலம், வேண்டாதபோது டிராயருக்குள் போட்டுவிடலாம். ஆர்டர் போட்டாச்சு. எஃப் விசைகளுக்கு அது விடை இல்லை என்பதையும் பதிவு செய்து வைக்கிறேன்.

21 ஜனவரி 2024, இரவு

சத்தம் பற்றிக் கேட்டவர்களுக்கு. இதில் எனக்கு வரலாறு உண்டு.

1990களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் லோயர் முடித்தவன் நான். ‘யளனகபக’ என்று ஒரு பக்கம் முழுக்க அடித்து நிரப்பிய தலைமுறை. அந்த மெஷினில் விசையை மெல்லத் தொட்டால் எழுத்து மங்கலாக விழும், சார் ஸ்கேலோடு வருவார். ஓங்கி அடித்தே பழகிய விரல்.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஓர் அலுவலகத்தில் டிவிஎஸ் கோல்டு கொடுத்தார்கள். செர்ரி நிறுவனத்தின் நீலச் சுவிட்ச் போட்ட முழுநீளப் பலகை. மெக்கானிக்கல் என்ற சொல்லே தெரியாமல் நம் ஊரில் பில் போடுகிற இடங்களில் எத்தனையோ பேர் அதில் தட்டியிருக்கிறார்கள். விரலுக்கு டைப்ரைட்டர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அந்த ஆசையில்தான் இப்போதும் நீலமே வாங்கினேன்.

மூன்றாம் நாள் ராத்திரி அம்மா அறையிலிருந்து குரல்: “இந்நேரத்துல யாருடா முறத்துல அரிசி புடைக்கிறது?”

நீலம் அப்படித்தான். உள்ளே ஒரு சின்னத் துண்டு நகர்ந்து கிளிக் என்று வேண்டுமென்றே சத்தம் போடும். பழுப்பில் ஒரு சின்ன முட்டு தட்டுப்படும், கிளிக் கிடையாது. சிவப்பில் அதுவும் கிடையாது, வழுக்கிக்கொண்டு போகும். செர்ரி கணக்கில் சிவப்புக்கு 45 கிராம் அளவு அழுத்தம், பழுப்புக்கு 55, நீலத்துக்கு 60 பக்கம். ஒரே அறை வீட்டில், ஃபேன் ஓடும் சத்தத்தைத் தவிர வேறு துணை இல்லாத நேரத்தில், நீலம் வேண்டாம்.

22 ஜனவரி 2024

நேற்றைய குறிப்பில் பழியை முழுக்கச் சுவிட்ச் மேல் போட்டுவிட்டேன். சரியில்லை. நண்பர் வீட்டில் சிவப்பில் அடித்துப் பார்த்தேன். கிளிக் இல்லை, ஆனால் ‘டொக் டொக்’. என் விரல் செய்கிற வேலை அது. சுவிட்ச் மொத்தம் 4 மி.மீ. இறங்கும், 2 மி.மீ.யிலேயே எழுத்து விழுந்துவிடும். மிச்சம் 2 மி.மீ.யும் இறங்கித் தரையில் மோதுகிறேன். இன்ஸ்டிட்யூட் சார் கற்றுக்கொடுத்தது இன்னும் போகவில்லை.

அடியில் கோரைப்பாய்த் துண்டு ஒன்றை மடித்துப் போட்டுப் பாருங்கள். மேசைப் பலகை மத்தளம் மாதிரி அதிர்வது அடங்கும். பாதிச் சத்தம் கீபோர்டுடையது இல்லை, மேசையுடையது.

27 ஜனவரி 2024

சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சித் தெரு போய் வந்தேன். இணையத்தில் ஒரு வாரம் சுவிட்ச் நிறம், முட்டு, எடை, எண்ணெய் போடுவதா வேண்டாமா என்றெல்லாம் படித்து மண்டை குழம்பியிருந்தது. கடைத் தம்பி கேட்டது ஒரே கேள்வி: “சத்தம் வேணுமாண்ணா, வேணாமாண்ணா?”

வேண்டாம் என்றேன். பழுப்பு எடுத்துக் கொடுத்தார். அடித்துப் பார்த்தேன். முடிந்தது.

ஆனால் வாங்கவில்லை. அளவு இன்னும் முடிவாகவில்லையே.

3 பிப்ரவரி 2024, மிக நீளம், பொறுத்துக்கொள்ளவும்

மூன்று வாரம் 61 விசையில் புரூஃப் திருத்திய பிறகு சொல்கிறேன். ‘ஒன்றும் குறையாகத் தெரியவில்லை’ என்று முதல் நாள் எழுதினேன் அல்லவா, அன்று நான் அதில் எழுதிக்கொண்டிருந்தேன், திருத்திக்கொண்டிருக்கவில்லை. இரண்டும் வேறு வேறு வேலை. எழுதுகிறவனுக்கு எழுத்து விசைகள் போதும். திருத்துகிறவனுக்கு அம்புதான் சோறு போடுகிறது.

‘வாங்கி கொடுத்தான்’ என்று வருகிறது. ‘வாங்கிக்’ என்று ஒற்றுப் போட வேண்டும். கர்சர் அந்த ஙகரம் ககரம் இகரத்தைத் தாண்டிச் சொல்லின் வாலில் போய் நிற்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு இப்படிப் பத்துப் பதினைந்து ஒற்று, அப்புறம் ணகர னகரம், லகர ளகரம். மவுஸால் குறிபார்த்து வைக்கலாம் என்பார்கள். தமிழில் ‘ங்கி’ இடுக்கில் மவுஸால் கர்சர் வைத்துப் பாருங்கள், ஊசியில் நூல் கோப்பது மேல். அம்பு விசைதான் வழி. 61 விசையில் ஒவ்வொரு அம்புக்கும் ஃபங்ஷனைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சொல் சொல்லாகத் தாண்ட கண்ட்ரோலும் சேர்த்து. தேர்ந்தெடுக்க ஷிஃப்டும் சேர்த்து. இடக்கை நண்டு மாதிரி விரிந்து கிடக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் டெலிட். ஆங்கிலத்தில் பேக்ஸ்பேஸும் டெலிட்டும் ஒரே வேலையை இரண்டு திசையில் செய்கின்றன. தமிழில் அப்படி இல்லை. ‘கி’ என்ற எழுத்துக்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் அடித்தால் பெரும்பாலும் கொக்கி மட்டும் போகும், க நிற்கும். அதே எழுத்துக்கு முன்னால் நின்று டெலிட் அடித்தால் ‘கி’ முழுசாகப் போகும். ‘கி’யைக் ‘கீ’ ஆக்க வேண்டுமா, பேக்ஸ்பேஸ். ‘கி’யே வேண்டாமா, டெலிட். ஒன்று அரம், இன்னொன்று வெட்டுக்கத்தி. இரண்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இந்தப் பலகையில் டெலிட்டும் ஃபங்ஷனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

ஆக, 60 சதவீதம் வேண்டாம். முதல் நாள் சொன்னதை முழுசாக வாபஸ் வாங்குகிறேன். 2 செ.மீ.க்காக அம்பையும் டெலிட்டையும் விட்டவன் நான்.

3 பிப்ரவரி 2024, தொடர்ச்சி

‘விசைகளை மாற்றி எழுதிக்கொள்ளலாமே, கியூஎம்கே என்ற மென்பொருள் இருக்கிறதே’ என்கிறார் ஒருவர். செய்யலாம், ஏற்கும் பலகையாக இருந்தால். பலர் செய்வது: வலது ஷிஃப்டைச் சும்மா தட்டினால் மேல் அம்பு, பிடித்தால் ஷிஃப்ட். ஷ, ஜ, ஸ, ஹ எல்லாம் நமக்கு ஷிஃப்டில் இருக்கின்றன. ‘ராஜா’வுக்கு ஷிஃப்டை அரை விநாடி முன்னால் விட்டுவிட்டால் ராஜா மேல் மாடிக்குப் போய்விடுவார். எனக்கு ஏற்கெனவே ழ போன அனுபவம் போதும்.

ஏற்கும் பலகை வைத்திருப்பவர்கள் ஒன்று மட்டும் தயங்காமல் செய்யலாம். கேப்ஸ் லாக்கை ஃபங்ஷனாக மாற்றுங்கள். தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து கிடையாது, அந்த விசை நமக்குச் சும்மா கிடக்கும் நிலம்.

5 பிப்ரவரி 2024

கிளைக்கதை. ஒருவர் ஹாப்பி ஹேக்கிங் கீபோர்டு பற்றிக் கேட்டார். 1996இல் ஜப்பானின் பிஎஃப்யூ நிறுவனம் கொண்டுவந்தது. யோசனை பேராசிரியர் எய்ச்சி வாடாவுடையது. கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில் கண்ட்ரோலை வைத்தார், கையை நகர்த்தாமல் எல்லாம் எட்ட வேண்டும் என்று அம்புகளை எடுத்துவிட்டார். நிரல் எழுதுகிறவர்கள் இன்றைக்கும் கோவில் மாதிரி கும்பிடுகிறார்கள். அதே கீபோர்டின் ஜப்பானிய எழுத்து வடிவத்தில் அம்புகள் உண்டு. அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. பேராசிரியரை மரியாதையாகக் கூப்பிட நினைத்தாலும் நம் வாயில் ‘வாடா’ என்றுதான் வருகிறது, மன்னிப்பாராக.

11 பிப்ரவரி 2024

வாங்கிவிட்டேன். 65 சதவீதம், 68 விசை, பழுப்பு. கீக்ரான் கே6 உடைய அமைப்பை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த வகை. அம்பு நாலும் வலது கீழ் மூலையில். 75 சதவீதமும் பார்த்தேன், 84 விசை. அகலம் ஏறக்குறைய இதே, எஃப் வரிசை கூடுதல். ஆனால் ஒரு வரிசை ஆழம் கூடுகிறது, 2 செ.மீ. என் 45 செ.மீ. ஆழத்தில் மானிட்டர் காலுக்கே 20 போகிறது, கீபோர்டுக்கு முன்னால் மணிக்கட்டு வைக்கவும் இடம் வேண்டும்.

கேள்வி கேட்டவரே, எல்லோரும் அகலத்தையே பேசிக்கொண்டிருந்தோம். உங்கள் மேசை ஆழமும் 45தான். மானிட்டரைச் சுவரில் மாட்ட வீட்டுக்காரர் விடுவாரா? விட்டால் 75க்குப் போங்கள். விடாவிட்டால் 65.

12 பிப்ரவரி 2024

இழுத்துவிடும் தட்டு வைத்த கம்ப்யூட்டர் டேபிள்காரர்களுக்கு: வாங்கும் முன் தட்டுக்கும் மேசைக்கும் இடையில் எவ்வளவு சந்து என்று பாருங்கள். மெக்கானிக்கல் பின்பக்கம் 4 செ.மீ. உயரம் வரும், கால் நிமிர்த்தினால் இன்னும் கூட. என் மைத்துனர் வீட்டில் தட்டு உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. குட்டையான சுவிட்ச் போட்டவையும் கிடைக்கின்றன, 3 மி.மீ. பக்கம்தான் இறங்கும். என் மாதிரி ஓங்கி அடிப்பவர்களுக்கு ஒத்துவருமா தெரியாது, அடித்துப் பார்த்ததில்லை.

3 மார்ச் 2024

டீ. முக்கால் டம்ளர். ‘ந’கரம் போயிற்று.

கழற்றி மாட்டும் சுவிட்ச் வகை என்பதால் தப்பித்தேன். பிளக்கைப் பிடுங்கி, மூடிகளைக் கழற்றி, துடைத்து, ஒரு நாள் காயவிட்டேன். அரைப்புள்ளிச் சுவிட்ச் மட்டும் எழவே இல்லை. உதிரி பத்து வாங்கினேன். வந்தது ஐந்து கால் சுவிட்ச், என் பலகையில் மூன்று காலுக்குத்தான் ஓட்டை. கூடுதலான இரண்டும் வெறும் பிளாஸ்டிக் கால்கள், பிடிமானத்துக்கு மட்டும். நகவெட்டியால் நறுக்கிவிட்டேன், உட்கார்ந்துவிட்டது. உலோகக் கால்களை நறுக்கிவிடாதீர்கள், அவை இரண்டும்தான் மின்சாரம் போகிற வழி.

4 மார்ச் 2024

எறும்பு. சர்க்கரை போட்ட டீ என்று நேற்று சொல்ல மறந்துவிட்டேன். மறுபடி எல்லா மூடியும் கழற்றல். 68 விசை என்பதில் முதல் முறையாகச் சந்தோஷப்பட்டேன், 104 ஆக இருந்திருந்தால் இன்றைய பொழுது போயிருக்கும்.

19 ஏப்ரல் 2024

கேள்வி கேட்டவர் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்து, வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க விடவில்லை, 65 வாங்கிவிட்டேன், மவுஸ் மேலே ஏறிவிட்டது என்கிறார். மகிழ்ச்சி. நான் முதல் நாள் சொன்னதைக் கேட்காமல் காத்திருந்ததற்கு நன்றி.

61 விசையை அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டேன். நீலச் சுவிட்ச் சத்தம் அவனுக்குப் பிடித்திருக்கிறதாம். கேம் ஆடுகிறவன், தமிழ் அடிப்பதில்லை. அக்காதான் போன் பண்ணினாள்: “ஏண்டா, ராத்திரியெல்லாம் என்னடா அது டிக் டிக்குன்னு?” கோரைப்பாய் வைத்தியத்தைச் சொன்னேன்.

2 ஜூன் 2024

எண்பலகை பற்றி ஒரு குறிப்பு பாக்கி. அதை மனைவி இடப்பக்கம் வைத்துக்கொண்டாள். வலக்கை மவுஸிலேயே இருக்கிறது, இடக்கை எண்களைத் தட்டுகிறது. முதல் வாரம் திணறினாள், இப்போது என்னால் பார்த்துத் தொடர முடியாத வேகம். எஃப்5, எஃப்8க்கு? கேப்ஸ் லாக்கை ஃபங்ஷனாக மாற்றி வைத்திருந்தேனே, அதைத் தனக்கு என்று எடுத்துக்கொண்டாள். இடது சுண்டுவிரலால் அதைப் பிடித்துக்கொண்டு எண் வரிசையைத் தட்டுகிறாள். ஜனவரி 18 அன்று ‘விடை இல்லை’ என்று பதிவு செய்தேன். அதையும் அடித்துவிடுங்கள்.

2 ஜூன் 2024, இரவு

மவுஸுக்குக் கிடைத்த 19.5 செ.மீ. எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இப்போதுதான் அளந்தேன். மூக்குக்கண்ணாடிக் கூடு, டீ டம்ளர், ஓரத்தில் அடுக்கிய புரூஃப் கட்டு. 11 இருக்கிறது.